ஒன்பதாவது கேள்வி

1953 மார்ச் 3, செவ்வாய்

விடியுமுன்பே மழை. ரப்பர் மரமெல்லாம் ஈரம், பால்வெட்டு இல்லை. பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போனவர்கள் ஆறரைக்கே திரும்பிவிட்டார்கள். லயத்து வரிசை வீடுகள் முழுக்க ஈரத்துணி வாடை.

பத்து மணிக்குக் கடிதம். கோலாலம்பூர் கமர்ஷியல் ஸ்கூல், நுழைவுத் தேர்வு முடிவு. பழுப்பு உறை. என் பெயர் தட்டச்சில். கனகம் என்பதில் ஓர் எழுத்து மட்டும் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

கணக்கு: தேர்ச்சி.
ஆங்கிலம்: தேர்ச்சி.
பொது அறிவு: வரவில்லை.
முடிவு: தோல்வி.

கீழே இரண்டு வரி. மே மாதம் மறுபடி எழுதலாமாம். விண்ணப்பம் இம்மாதம் 21க்குள் போய்ச் சேர வேண்டும். புதுப் பாரம் ஒன்றும் மடித்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்த வீட்டு அஞ்சலை அத்தை எட்டிப் பார்த்தார். "என்னா காயிதம்?"

அம்மா துணி பிழிந்துகொண்டே பதில் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை. "பெயிலாம். அதெல்லாம் டவுன்ல வளந்த புள்ளைங்களுக்குலா. நம்மளுக்கு எதுக்கு?"

"சீனியர் கேம்பிரிட்ஜு பாஸ் பண்ணுன புள்ள. இது என்னா அதைவிடக் கஷ்டமா?"

"அது வேற, இது வேற."

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. 'வரவில்லை' என்று ஒரு சொல் அந்தக் காகிதத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது. அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் அது இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும்.

இனி இந்த நோட்டில் அம்மாவை 'அ.' என்றே எழுதுவது. இடம் மிச்சம்.

மார்ச் 4, புதன்

வெயில். கொசு அதிகம்.

ஜனவரியில் நடந்ததை ஒரே ஒரு முறை எழுதிவிடுகிறேன். பிறகு மனதுக்குள் சொல்லிப் பார்க்க வேண்டியதில்லை.

அன்று சனிக்கிழமை. தேர்வு சிரம்பானில், ஒன்பது மணிக்கு. ஆறரைக்கு வேலிக் கேட்டில் நின்றேன். லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டு மூன்று வருடம் ஆகிறது. காட்டில் இருக்கிற கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, வெளியே போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். சோறு கூடாது. சீனி கூடாது. டின் கூடாது. அரிசி ஒரு மணிகூடக் கூடாது. பெண்களுக்குத் தகரத் தடுப்பு. உள்ளே பாப்பாத்தி அக்கா.

அக்கா என் பையைத் துழாவினாள். பேனா, மைப்புட்டி, தேர்வுச் சீட்டு, ஐ.சி. அடையாள அட்டை, கைக்குட்டை. கைக்குட்டையின் மூலையில் ஒரு முடிச்சு. நான் போடாத முடிச்சு. உள்ளே இருட்டு, அதனால் வாசலுக்கு வந்து அவிழ்த்தாள். மஞ்சள் தடவிய அரிசி. சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுக்கிற அட்சதை. ஒரு தேக்கரண்டி இருந்திருக்கும்.

"அட, அச்சதைலா," என்று சிரித்து உதறப் போனாள்.

கார்ப்பரல் அங்கேதான் நின்றான். "பெராஸ்," என்றான். அரிசி என்று அர்த்தம். அந்த ஒரு சொல்தான். யாருடையது என்று கேட்டான்.

வரிசையில் எனக்குப் பின்னால் ஐந்தாவது ஆள் அ. கையில் பால்வாளி. நான் திரும்பிப் பார்த்தேன். அவள் தன் காலைப் பார்த்தாள்.

"சாயா பூஞா," என்றேன். என்னுடையது. நான்கு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்காது. என் மலாய் அவ்வளவு தெளிவாக அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அ.வின் முறை வந்தது. தடவினார்கள். ஒன்றுமில்லை. போய்விட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. போன வருடம் மேல் லயத்தில் ஓர் ஆளை ஒரு பால் டின்னுக்காகக் கொண்டு போனார்கள். இன்னும் வரவில்லை. அவர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். நான் படிக்கிற பெண், தேர்வுக்குப் போகிறவள், என்னை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். விட்டார்கள். மூன்று மணி நேரம் கழித்து. பெயர், ஐ.சி. எண், 'அரிசி' எல்லாம் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி வந்து துரையின் பெயரைச் சொன்ன பிறகு.

சிரம்பான் போய்ச் சேர்ந்தபோது முதல் தாள் முடிந்துவிட்டது. மற்ற இரண்டையும் எழுதினேன். கணக்குத் தாளில் நான்காவது கேள்வி: அரிசி வியாபாரி ஒருவன் இரண்டு ரகங்களைக் கலக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் அ. கேட்டது: "சாப்ட்டியா?"

இன்றுவரை அவள் கேட்டது அது ஒன்றுதான்.

மார்ச் 6, வெள்ளி

பாரத்தை நிரப்ப உட்கார்ந்தேன். பெயர், வயது, தகப்பனார் தொழில். (ரப்பர் ஆலை, ஷீட் உலர்த்தும் புகைக்கூண்டு. அதை எப்படி ஆங்கிலத்தில் கௌரவமாக எழுதுவது?) எட்டாவது கேள்வி வரை ஓடியது.

ஒன்பது: அவசரகாலச் சட்டத்தின் கீழ் எப்போதாவது தடுத்து வைக்கப்பட்டதுண்டா? உண்டெனில் விவரம் தருக.

போன முறைப் பாரத்திலும் இதே கேள்வி இருந்தது. ஒரு வினாடிகூட யோசிக்காமல் 'இல்லை' என்று எழுதினேன்.

பாரத்தின் அடியில் தோட்டத்து முத்திரை விழ வேண்டும். முத்திரை பெரிய கிராணியிடம். இனி அவரை 'பெ.கி.' என்றே எழுதுவது. ஆபீஸுக்குப் போனேன். அரை மணி நேரம் வாசலில் நின்றேன், கூப்பிடத் தைரியமில்லாமல். அவராகவே பார்த்தார்.

பாரத்தை வாங்கி ஒன்பதில் விரலை வைத்தார். "இதுல 'ஆமா'ன்னு எழுதினா நம்ம தோட்டத்து முத்திரை விழாது கனகம். தொரை பேரு கெடும். 'இல்ல'ன்னு எழுது, இப்பவே குத்தித் தர்றேன். ஆனா போலீஸ் புக்குல உன் பேர் இருக்கு. நாளைக்கு அவன் தோண்டி எடுத்தா என்னைக் கேக்காதே."

பாரத்தை வாங்கி மடித்துக்கொண்டேன்.

"ஏன் இந்த அலைச்சல்? பாப்பாத்தி பிரசவத்துக்குப் போயிட்டா. கேட்டுக்குப் பொம்பள ஆள் வேணும். மலாய் பேசணும், புக்குல எழுதணும். உன்ன விட்டா யாரு? ஒரு வருசம் நில்லு. ஆபீஸுக்கு டைப் மிஷின் வருது, அப்ப உன்ன உள்ள எடுத்துக்கறேன். கமர்ஷியல் ஸ்கூல்ல போயி என்னா கத்துக்கப் போற? இதே டைப்புதான்."

தலையாட்டினேன்.

எதற்குத் தலையாட்டினேன் என்று படியிறங்கின பிறகுதான் தெரிந்தது. திங்கட்கிழமையிலிருந்து கேட்டில் வேலை.

அப்பாவிடம் சொன்னேன். புகைக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உன் இஷ்டம்," என்றார். அவர் எல்லாவற்றுக்கும் சொல்வது. அவரைக் கேட்பதும் சுவரைக் கேட்பதும் ஒன்று, ஆனால் சுவர் இருமாது.

மார்ச் 9, திங்கள்

முதல் நாள். ஐந்தே முக்காலுக்குத் தகரத் தடுப்புக்குள். பனி. என் கை சில்லென்று இருந்தது.

எனக்குத் தொட்டுப் பேசக்கூட வராது. இன்று நாற்பத்து மூன்று பெண்களின் இடுப்பைத் தடவினேன்.

"ஏய் கேம்பிரிட்ஜு, கை ஐஸுக்கட்டியா இருக்குடி. வெந்நியில முக்கிட்டு வா."

"மெதுவாத் தடவு ஆத்தா. எங்க வீட்டுக்காரரே இவ்ளோ தேடமாட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். முகம் சூடாகி நின்றேன். அஞ்சலை அத்தை மட்டும் சிரிக்காமல் கையை உயர்த்தி நின்றார். "பதினோரு வருசம் படிச்சது எங்க மடியத் தடவவா?" என்றார். குத்தலாகக்கூட இல்லை. விலை கேட்பதைப் போலக் கேட்டார்.

இன்று மடிகளில் கண்டவை:
வெற்றிலை, புகையிலை (விடலாம்)
பாதி சீப்பு
ஊரிலிருந்து வந்த கடிதம், மடித்து மடித்து எழுத்து அழிந்தது
குழந்தையின் பால்பல், துணியில் சுற்றி
தலைவலி மாத்திரை இரண்டு (கார்ப்பரலிடம் காட்டிவிட்டு விட்டேன்)
மரவள்ளிக் கிழங்கு, வெந்தது, ஒரு துண்டு. பிடுங்கி வாளியில் போட்டேன். கர்ப்பிணி. பசிக்கும் என்றாள். சட்டம் என்றேன். நானா அப்படிப் பேசியது?

அ. கடைசியில் வந்தாள். கைகளை உயர்த்தினாள். தடவினேன். வியர்வையும் ரப்பர்பால் புளிப்பும். சின்ன வயதில் இந்த வாடையில்தான் தூங்கியிருக்கிறேன்.

மார்ச் 11, புதன்

மறுபடி எழுதுவதா, வேண்டாமா?

வேண்டும்:
மற்ற இரண்டிலும் தேறியிருக்கிறேன். பொது அறிவில் தேறமாட்டேனா?
அந்த மண்டபம். நீளமான மேசைகள், மை வாடை, யாரும் யாரையும் தடவாத இடம்.
வேலிக்கு வெளியே.

வேண்டாம்:
ஒன்பது.
'இல்லை' என்று எழுதி, பிடிபட்டால் இரண்டாவது குற்றம்.
'ஆமாம்' என்று எழுதினால் முத்திரை இல்லை. முத்திரை இல்லாத பாரத்தை யார் படிப்பார்கள்?
பெ.கி. சொன்ன டைப் மிஷின். (வராது. அவர் கண்ணைப் பார்த்தேன்.)
அ. அதற்குள் லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். குழாயடியில் என் காதிலேயே விழுந்தது: "கேட்டு வேலையே போதும்லா. வீட்டோட இருக்கும்."

என்னைத் தேர்வுக்குப் போகவிடாமல் செய்தவளே தேர்வு நமக்கு எதற்கு என்று சொல்லித் திரிகிறாள். தன் குற்றம் சின்னதாகத் தெரிய வேண்டுமானால் தேர்வும் சின்னதாக வேண்டும். இதை அவள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வராது. இங்கே எழுதலாம்.

நாள் 21 நெருங்குகிறது. தபாலுக்கு இரண்டு நாள் வேண்டும். ஆக 19.

சவர்க்காரம் வாங்க வேண்டும். நோட்டில் ஆறு பக்கம்தான் மிச்சம்.

மார்ச் 13, வெள்ளி

நிதானமாக எழுதுவது.

வானம் மூட்டம். மாரியம்மன் கோயில் வேலிக்கு வெளியே நின்றுவிட்டது, கம்பி போட்ட நாளிலிருந்து. யாரும் அங்கே பொங்கல் வைப்பதில்லை. கோயிலைத் தொட்டுப் போகும் மரவரிசை இந்த வாரம் அ.வுக்கு.

வரிசையில் கடைசி அவள்தான். உள்ளே நாங்கள் இருவர் மட்டும். கைலியின் இடுப்பு மடிப்பில் என் விரல் பட்டது. துணிக்குள் மணிமணியாக நகர்ந்தது. பார்க்கவே வேண்டியதில்லை, ஐந்து நாளில் விரல் படித்துக்கொண்டுவிட்டது.

அவள் முகத்தைப் பார்த்தேன். இந்த முறை அவள் காலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"மே மாசத்துக்கு," என்றாள். கிசுகிசுப்பாக. "ஆத்தா காலடியில போட."

வெளியே ஸ்பெஷல் கான்ஸ்டபிள், எஸ்.சி. போலீஸ்காரன்: "சுடா?" முடிந்ததா என்கிறான்.

அப்படியே விட்டால், கோயில் பாதையில் பட்டாளத்துக்காரர்கள் மறுபடி நிறுத்துவார்கள். கீழே கொட்டினால், பெருக்கின சிமிட்டித் தரை, மஞ்சள் பளிச்சென்று தெரியும். கார்ப்பரல் தினமும் தரையைப் பார்க்கிறான். என் பையும் திரும்பும்போது சோதனைக்குத்தான்.

முடிச்சை அவிழ்த்து வாயில் போட்டுக்கொண்டேன்.

வேகாத அரிசியை மெல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் எந்தத் தேர்விலும் கேட்டதில்லை. எச்சில் ஊறவில்லை. மஞ்சள் கசந்தது. சத்தம் காதுக்குள் கல் அரைப்பதாகக் கேட்டது. அவன் எட்டிப் பார்த்து, "அடா அபா-அபா?" என்றான். ஏதாவது இருக்கிறதா? வாய் மூடி, இல்லையென்று தலையை ஆட்டினேன். பேசாத பெண் என்று எல்லோருக்கும் பழக்கம். நல்லதாயிற்று.

அ. வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

புத்தகத்தில் எழுதினேன்: பெண்கள் 43. ஒன்றும் இல்லை. கீழே கையெழுத்து.

ஆக, இப்போது நானும் பொய் எழுதியவள்.

மார்ச் 14, சனி

இடது கடைவாய்ப் பல்லில் ஒரு சில்லு போய்விட்டது. நாக்கு அங்கேயே போகிறது.

அஞ்சலை அத்தையிடம் 'நம்மளுக்கு எதுக்கு' என்றவள் மடியில் 'மே மாசத்துக்கு' என்று கட்டியிருக்கிறாள். எதை நம்புவது? ஜனவரியிலும் இதே கைதான் கட்டியது. இதே கைதான் வாளியைத் தூக்கிக்கொண்டு போனது.

மத்தியானம் கஞ்சியை வழக்கத்தைவிடக் குழைவாகக் காய்ச்சி எனக்கு வைத்தாள்.

"பல்லு வலிக்குதா?"

"இல்ல."

அவ்வளவுதான். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. 'சாப்ட்டியா', 'பல்லு வலிக்குதா'. வாயைத் தாண்டி இவள் ஒன்றும் கேட்கமாட்டாளா?

மார்ச் 17, செவ்வாய்

வேலிப் புத்தகத்தை ஒப்படைக்க ஆபீஸ் போயிருந்தேன். பீரோ ஓரமாக நின்று வாரக் கணக்கைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். பத்தரைக்கு அ. வந்தாள். பால் ஊற்றிவிட்டு நேரே வந்திருக்கிறாள், கால் முழுக்கச் சேறு. படியிலேயே நின்றாள். தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

பெ.கி. நிமிரவில்லை. "என்னா காளியம்மா?"

"ஐயா, அந்த அரிசி நான் கட்டுனது."

"எந்த அரிசி?"

"தை மாசம். புள்ள பரீச்சைக்குப் போன அன்னிக்கு. அதுக்குத் தெரியாதுங்க. நான்தான் கட்டுனேன்."

அவர் பேனாவை வைத்தார். என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

"அது முடிஞ்ச கதைலா. இப்ப எதுக்கு?"

"அது பேர வெட்டிட்டு என் பேர எழுதச் சொல்லுங்க."

"போலீஸ் புக்கு என்னா நம்ம ஆள் கணக்கு செக்ரோலா, ஆள் வராட்டி வெட்டறதுக்கு? அதுல பேரைச் சேக்கலாம். எடுக்க முடியாது. உன் பேரையும் சேக்கச் சொல்லவா?"

அவள் எவ்வளவு பயந்தவள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை அப்படியே எனக்கும் கொடுத்திருக்கிறாள்.

"சேருங்க," என்றாள்.

பெ.கி. சிரித்துவிட்டார். "போ, போயி வேலையப் பாரு. நீ ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல. உன்ன உள்ள தள்ளிட்டு அந்த மர நெரைக்கு நான் யாரத் தேடறது?"

தலைத்துணியைக் கட்டிக்கொண்டு போனாள். என் பக்கம் திரும்பவே இல்லை. படியில் இரண்டு சேற்றுக் கால். ஆபீஸ் பியூன் வந்து திட்டிக்கொண்டே துடைத்தான்.

இந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு மாதம் காத்திருந்தேன். இன்று வந்தது. எழுதிக்கொள்ள ஆளில்லை.

மார்ச் 19, வியாழன்

காலையில் எழுதிவிட்டேன். ஒன்பது: ஆமாம். விவரம்: ஜனவரியில் இதே தேர்வுக்குப் புறப்பட்டபோது, தோட்டத்துக் கேட்டில், மூன்று மணி நேரம். கைக்குட்டையில் மஞ்சள் தடவிய அரிசி, ஒரு தேக்கரண்டி. வாழ்த்துக்காக வைத்தது. முதல் தாளுக்கு வராமைக்கும் இதுவே காரணம்.

யார் வைத்தது என்று எழுதவில்லை. கேட்கவும் இல்லை.

பெ.கி. படித்தார். முத்திரையை மையில் ஒற்றிக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். "பைத்தியக்காரத்தனம் பண்ற. இன்னொரு பாரம் என்கிட்ட இருக்கு. 'இல்ல'ன்னு எழுது. இதோ, குத்தறேன்."

"வேணாங்கய்யா."

"அப்ப டைப் மிஷினையும் மறந்துடு."

"சரிங்கய்யா."

இந்த மாதத்தில் நான் சத்தமாகப் பேசியது இதுதான். வெளியே வந்ததும் பால் பிடிக்கிற மங்கு அடுக்கியிருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

முத்திரைக் கட்டம் காலி. அப்பா ரப்பர் ஷீட் லாரியில் லாபு டவுனுக்குப் போகிறார். உறையைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டார். "இது பரீச்சைக்கா?" என்றார். ஆமாம் என்றேன். 'உன் இஷ்டம்' என்று சொல்லவில்லை. பொத்தானை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார்.

திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலும். அனுப்பட்டும். மே வரை பொது அறிவு படிப்பது. பழைய பேப்பர்கள் கடையில் கேட்க வேண்டும்.

மார்ச் 20, வெள்ளி

தூறல். பெண்கள் 41, இரண்டு பேருக்குக் காய்ச்சல்.

"கேம்பிரிட்ஜுக்கு இப்பக் கை சூடாயிடுச்சு," என்று யாரோ. இன்று நானும் கொஞ்சம் சிரித்தேன்.

அம்மா கடைசியில் வந்தாள். அதே கைலி, அதே கோயில் பக்கத்து மரங்கள். நான் சொல்லுமுன்பே கைகளை உயர்த்தினாள்.

"போட்டாச்சு," என்றேன். "நேத்து."

"அப்பா சொன்னாரு."

தலைத்துணி, சட்டைப்பை, இடுப்பு மடிப்பு. ஒன்றும் இல்லை.

"இல்லலா," என்றாள். "இனிமே கட்டமாட்டேன்."

வெளியே எஸ்.சி. குரல் கொடுத்தான். நான் இடுப்பு மடிப்பை இன்னொரு முறை தடவிப் பார்த்தேன்.